ஓஹையோவில் மூடப்பட்ட பல்பண்பாட்டு மையங்களும் எல்ஜிபிடி மையங்களும்: நம் மாணவர்களுக்கு இதில் என்ன இழப்பு?

ஏதென்ஸ்_சாலை (ஓஹையோ)

எங்கள் ஊர்த் தமிழ் வாட்சாப் குழுவில் போன வாரம் ஒரு அம்மா கேட்டார்: "பொண்ணுக்கு ஏதென்ஸில், ஓஹையோ பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்திருக்கிறது. அங்கே மல்ட்டிகல்ச்சுரல் சென்டர் இருக்கிறதா? புதுசாகப் போகிற பிள்ளை, யாரையும் தெரியாது." இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2025 மார்ச் 28 அன்று ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்ட எஸ்பி 1 சட்டம் ஜூன் கடைசியில் அமலுக்கு வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை (டிஇஐ) அலுவலகங்களையும் திட்டங்களையும் தடைசெய்யும் சட்டம் அது. அதையொட்டி ஓஹையோ பல்கலைக்கழகம் தன் பல்பண்பாட்டு மையம், பிரைட் மையம் (எல்ஜிபிடி மாணவர்களுக்கானது), மகளிர் மையம் மூன்றையும் மூடிவிட்டது. கென்ட் ஸ்டேட்டிலும் அதே கதை. கொலம்பஸில் உள்ள ஓஹையோ ஸ்டேட், சட்டம் நிறைவேறும் முன்பே, பிப்ரவரியிலேயே தன் பன்முகத்தன்மை அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது.

குழுவில் அப்புறம் வந்த பதில்கள்தான் என்னை இங்கே எழுத வைத்தன. "மூடினால் என்ன, படிக்கத்தானே போகிறார்கள்" என்றார் ஒருவர். "அதெல்லாம் கறுப்பினப் பசங்களுக்கும் கே பசங்களுக்கும். நமக்கு எதற்கு?" என்றார் இன்னொருவர். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. வருடா வருடம் பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடித்து, நாற்காலி தூக்கிப் போட்டு, கடைசியில் பெருக்கிவிட்டுப் போகிறவர்கள். அந்த மையங்களுக்குள் என்ன நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. அதுதான் விஷயம்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறு எந்த நாட்டையும்விட அதிகம். அவர்களில் நம் பிள்ளைகளும் கணிசமானவர்கள். அந்தப் பிள்ளைகளில் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள், திருநங்கைகளும் திருநம்பிகளும் இருக்கிறார்கள். இவர்கள் இரண்டு மையங்களுக்கும் உரியவர்கள். ஆகவே "நமக்கு எதற்கு" என்ற கேள்வியே எனக்குப் பொருந்தவில்லை.

அங்கே போயிருப்பவர்கள், வேலை பார்த்தவர்கள், பெற்றோர்கள் எழுதுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுதுங்கள், மரியாதையோடு.

---

பொறியாளர்_79 (டல்லாஸ்)

நேராகவே சொல்கிறேன். நான் வந்த காலத்தில் எனக்கு எந்த மையமும் தெரியாது. விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனது இந்திய மாணவர் சங்கத்து சீனியர். முதல் மாதம் படுக்க இடம் கொடுத்து, வங்கிக் கணக்கு திறக்கக் கூட்டிப் போய், எந்தக் கடையில் பருப்பு மலிவு என்று சொல்லிக் கொடுத்தது வரைக்கும் அவர்கள்தான். யாரும் சம்பளம் வாங்கவில்லை. அதைவிடப் பெரிய ஆதரவை எந்த அலுவலகம் கொடுத்துவிடும்?

இன்னொன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும் பேராசிரியர், பன்முகத்தன்மைக்குத் தான் என்ன செய்வேன் என்று தனியாகக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றெல்லாம் ஆகிவிட்டது. அது சரியில்லை என்று எம்ஐடியே 2024 மே மாதம் அதைக் கைவிட்டது. ஆக, மக்களுக்குக் கோபம் சும்மா வரவில்லை. கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளைகளை இனவாரியாக, பாலினவாரியாகத் தனித்தனி அறையில் உட்கார வைப்பது ஒற்றுமையை வளர்க்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

---

நிலாச்சோறு (இப்போது சியாட்டில்)

பொறியாளர் சார், சீனியர்கள் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் எம்எஸ் படிக்கும்போது நான் ஒரு பல்பண்பாட்டு மையத்தில் வேலை பார்த்தேன் (எஃப்-1 மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாமே, அந்த வேலை). அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு சோபா, ஒரு மைக்ரோவேவ், ஒரு அரிசி குக்கர், பிரிண்டர். சுவரலமாரியில் குளிர்கால கோட்டுகள். படிப்பு முடித்துப் போகிறவர்கள் விட்டுப் போவார்கள், ஆகஸ்டில் வெயில் தேசங்களிலிருந்து வருகிறவர்கள் அக்டோபரில் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து அறை எல்ஜிபிடி மையம். இரண்டுக்கும் இடையில் ஒரு கதவு, அது சாத்தி நான் பார்த்ததில்லை.

என் மேஜைக்கு அதிகம் வந்த விஷயம் எது தெரியுமா? பெயர். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விசாவில் நம் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். ஒரு தஞ்சாவூர்ப் பையனை ஆய்வகத்தில் எல்லோரும் "ஃபனூ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவன் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். அவனும் எப்படித் திருத்துவது என்று தெரியாமல் அதற்கே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் சிலருக்கு இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் முன்னால் போயிருக்கும். வகுப்பில் அப்பாவைக் கூப்பிட்டால் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும்.

இதற்கு ஒரு படிவம் இருந்தது, விருப்பப் பெயர்ப் படிவம். ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), பாஸ்போர்ட் எல்லாம் சட்டப் பெயரிலேயே இருக்கும். வருகைப் பட்டியல், அடையாள அட்டை, மின்னஞ்சல் மூன்றிலும் நீங்கள் சொல்லும் பெயர் வரும். அந்தப் படிவத்தை அந்த வளாகத்தில் போராடி வாங்கியவர்கள் திருநர் மாணவர்கள். பிறந்தபோது வைத்த பெயரை ஒவ்வொரு வகுப்பிலும் பேராசிரியர் உரக்கப் படிப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய அவஸ்தை என்று யோசித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் 40 பேருக்கும் அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிடும். அவர்கள் கேட்டு வாங்கிய படிவத்தில்தான் தஞ்சாவூர்ப் பையன் தன் பெயரைத் திரும்பப் பெற்றான். அதை நிரப்ப உதவியது பக்கத்து அறையில் வேலை பார்த்த ஒரு திருநம்பி மாணவர்.

"தனித்தனி அறையில் உட்கார வைப்பது" என்று கேட்டீர்கள். நான் பார்த்தவரை அங்கே உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள்தான் வகுப்பில் தைரியமாகக் கையைத் தூக்கினார்கள்.

---

மதுரை_டு_மிச்சிகன் (ஆன் ஆர்பர்)

நிலாச்சோறு சொன்னதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த மையங்கள் ஏதோ 2020க்குப் பிறகு வந்த நாகரிகம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அப்படி இல்லை.

மாணவர் சங்கம் முதலில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகம் 1967இல் ஒரு தன்பாலீர்ப்பு மாணவர் அமைப்பை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. நாட்டிலேயே முதல் தடவை. ஆனால் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து ஆள் வைத்த அலுவலகம் என்றால் அது எங்கள் ஊர்தான். 1971இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிம் டாய், சிந்தியா கெய்ர் என்ற இருவரைப் பகுதி நேரமாக நியமித்தார்கள். இன்று ஸ்பெக்ட்ரம் மையம் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

ஜிம் டாயைப் பற்றி ஓஹையோ நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய அப்பா சீன வம்சாவளி. ஜிம் வளர்ந்தது உங்கள் கிரான்வில் ஊரில். வியட்நாம் போருக்கு எதிராக 1970இல் டெட்ராய்ட்டில் நடந்த பேரணியில், மேடையேறித் தான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று சொன்னார். மிச்சிகனில் அப்படிப் பகிரங்கமாகச் சொன்ன முதல் ஆட்களில் ஒருவர். முகத்தைப் பார்த்தாலே வேற்றாள் என்று ஊரார் நினைத்த ஒரு பையன், வளர்ந்து இன்னொரு வகையிலும் வேற்றாளாக நின்று, கடைசியில் எல்லோரும் வந்து உட்காரும் ஓர் அலுவலகத்தைக் கட்டினார். பாலீர்ப்பின் பெயரால் யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற வரியைப் பல்கலைக்கழக விதியில் சேர்க்க 1993 வரை, இருபது வருடத்துக்கு மேல், அவரும் மற்றவர்களும் விடாமல் முட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 புத்தாண்டு அன்று காலமானார். நம் ஊர்ப் பத்திரிகை எதிலும் அவரைப் பற்றி நான் படித்ததில்லை, அது எனக்கு வருத்தம்.

பல்பண்பாட்டு மையமும் அதே 1971தான். கறுப்பின மாணவர்கள் 1970 மார்ச்சில் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்தது டிராட்டர் இல்லம். 1981இல் அது எல்லாப் பண்பாட்டினருக்குமான மையமானது. ரொம்ப காலம் வளாகத்தின் மையப் பகுதியிலிருந்து தள்ளி, வாஷ்டனா சாலையில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. "எங்களை ஓரத்தில் வைக்காதீர்கள்" என்று 2013-14இல் மாணவர்கள் மறுபடி குரல் கொடுத்த பிறகு, 2019இல் ஸ்டேட் தெருவில், நடு வளாகத்தில், புதுக் கட்டடம் திறந்தார்கள். ஒரு மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பதில். வழியில் போகிறவன் நுழைந்து பார்க்கும் இடத்தில் இருந்தால்தான் முதல் வருடப் பிள்ளை வருவான்.

எங்களிடமும் எல்லாம் பத்திரமாக இல்லை. 2025 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகமே தன் பன்முகத்தன்மைத் தலைமை அலுவலகத்தை மூடியது. மாணவர்கள் நேரடியாகப் புழங்கும் இடங்களைத் தொடர்வோம் என்றார்கள்.

---

பொறியாளர்_79 (டல்லாஸ்)

நிலாச்சோறு, அந்தப் பெயர் விஷயம் எனக்கே நடந்திருக்கிறது. என் முதல் அடையாள அட்டையில் என் அப்பா பெயர்தான் இருந்தது. நன்றி.

ஆனாலும் ஒரு கேள்வி. எங்கள் டெக்சாஸில் ஓஹையோவைப் போலவே பன்முகத்தன்மை அலுவலகங்களைத் தடைசெய்யும் எஸ்பி 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்தேன். மாணவர் அமைப்புகளைச் சட்டம் தொடவே இல்லை, தெளிவாக விலக்கு கொடுத்திருக்கிறது. வகுப்பில் கற்பிப்பதற்கும் ஆராய்ச்சிக்கும்கூட விலக்கு உண்டு. ஆக இந்திய மாணவர் சங்கமும் இருக்கலாம், எல்ஜிபிடி மாணவர் சங்கமும் இருக்கலாம். போனது சம்பள ஆட்கள் மட்டும்தானே? பிள்ளைகள் தாங்களே நடத்திக்கொள்ளலாமே?

---

பெயர்_வேண்டாம் (டெக்சாஸ்)

இந்தத் தளத்தில் ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதியதில்லை. பொறியாளர் சாரின் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சட்டம் வரும் முன்பும் வந்த பின்பும் நான் இங்கே இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். வீட்டில் தெரியாது. 2023 ஆகஸ்டில் வந்தேன். இரண்டு படுக்கையறை வீட்டில் நாலு பேர், எல்லோரும் தமிழ். அதில் ஒருவன் எங்கள் பெரியம்மா வீட்டுக்குத் தெரிந்தவன். நல்ல பசங்க. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வீட்டில் நான் போனில் பேச முடியாது. எல்லோருக்கும் தமிழ் புரியும், சுவர் மெல்லிசு. இந்திய மாணவர் சங்கத்தில் யாரிடமாவது சொன்னால் இரவுக்குள் ஊருக்குப் போய்விடும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கே போவேன், சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் பாதி ஆளாகத்தான் இருப்பேன்.

எங்கள் வளாகத்து எல்ஜிபிடி மையத்தில் ஒரு சின்ன அறை இருந்தது, கதவைச் சாத்திக்கொள்ளலாம். அங்கே போய்த்தான் ஊரில் இருக்கும் என் நண்பனிடம் பேசுவேன். ஒரு மணி நேரம் எந்தச் சொல்லையும் விழுங்காமல் தமிழில் பேசுவேன். வெளியே வந்தால் ஒருங்கிணைப்பாளர் அம்மா "டீ வேண்டுமா" என்று கேட்பார். அவ்வளவுதான். பெரிய ஆலோசனை எதுவும் கிடையாது. அந்த ஒரு மணி நேரம் இருந்ததால் மீதி வாரம் ஓடும்.

ஜனவரியில் பலகையை எடுத்தார்கள். அவரை வேறு துறைக்கு மாற்றினார்கள். மாணவர் சங்கம் இருந்தது, உண்மை. ஆனால் அறை போய்விட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு கட்டடத்தில் வகுப்பறை கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடிக் கதவு வைத்த வகுப்பறையில் எல்ஜிபிடி கூட்டத்துக்கு நான் எப்படிப் போய் உட்காருவேன்? பக்கத்து வகுப்பில் என் வீட்டுப் பையன் இருப்பான். மே மாதம் தலைவர், செயலாளர் இருவரும் பட்டம் வாங்கிப் போனார்கள். மின்னஞ்சல் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் செப்டம்பர் வரை இழுத்தது.

எதையெல்லாம் அந்த அம்மா மனசில் வைத்திருந்தார் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. எந்த மனநல ஆலோசகருக்கு இந்தியக் குடும்பம் புரியும், "வீட்டைவிட்டு வெளியே வா" என்று முதல் நாளே சொல்லாதவர் யார், விடுமுறையில் விடுதி மூடினால் எங்கே தங்கலாம், எல்லாம். எங்கும் எழுதி வைத்தது இல்லை.

---

ஏதென்ஸ்_சாலை (ஓஹையோ)

தம்பி, எழுதியதற்கு நன்றி. உன் பதிவில் யாராவது உன்னை அடையாளம் காணும்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள். மாற்ற வேண்டுமானால் நெறியாளருக்கு எழுது, உடனே மாற்றித் தருவார்கள்.

பொறியாளர் சாருக்கு: சங்கத்துக்கும் மையத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தம்பி சொல்லிவிட்டான். எம்எஸ் மாணவன் இரண்டு வருடத்தில் போய்விடுவான். இளங்கலை என்றால் நாலு. சங்கம் என்பது எப்போதும் புது ஆட்கள் கையில் இருப்பது. நமக்கு அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் நம் தேவைகள் பொதுவானவை: வீடு, வண்டி, வங்கி. யாரிடம் வேண்டுமானாலும் வாய்விட்டுக் கேட்கலாம். வாய்விட்டுக் கேட்க முடியாத தேவை உள்ளவனுக்குத்தான் நிலையான ஆள் வேண்டும். அந்த ஆள் தன் சொந்தக்காரருக்கோ ரூம்மேட்டுக்கோ தெரிந்தவராக இருக்கக் கூடாது, ரகசியம் காப்பதை வேலையாகவே செய்கிறவராக இருக்க வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கட்டாயக் கட்டுரை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அது பேராசிரியர் நியமனம் சம்பந்தப்பட்டது. அந்தக் கோபத்தில் கொண்டுவந்த சட்டம், சம்பந்தமே இல்லாத சோபாவையும் கோட்டு அலமாரியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

---

எடிசன்_அம்மா (நியூ ஜெர்சி)

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

2010 செப்டம்பரில் எங்கள் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டைலர் கிளெமென்டி என்ற 18 வயதுப் பையன், வகுப்பு ஆரம்பித்த சில வாரங்களிலேயே உயிரை விட்டான். அவன் இன்னொரு ஆணுடன் இருந்ததை, அதே அறையில் தங்கியிருந்தவன் கணினி கேமராவில் பார்த்ததும், அதைப் பற்றி இணையத்தில் எழுதியதும் நாடு முழுக்கச் செய்தியானது. அந்த அறைத்தோழன் இந்தியக் குடும்பத்துப் பையன். எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அதே பேச்சு. இந்தப் பையன் ஜெயிலுக்குப் போவானா, நாடு கடத்துவார்களா என்று. இறந்துபோன பிள்ளையைப் பற்றி, வயலின் வாசிப்பானே அந்தப் பிள்ளை, அவனைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை.

என் மகன் அப்போது சின்னப் பையன். மற்றப் பிள்ளைகளோடு அடித்தளத்தில் விளையாடிக்கொண்டு, மாடியில் பெரியவர்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறான். கல்லூரிக்குப் போய் இரண்டாம் வருடம்தான் தன்னைப் பற்றி எங்களிடம் சொன்னான். அதற்கு முந்தின நன்றி அறிதல் நாளுக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை, புராஜெக்ட் என்றான். வீட்டுக்கு வந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவோம் என்ற பயமாம். அன்றைக்கு அவன் எங்கே சாப்பிட்டான் என்று பிறகு கேட்டேன். வளாகத்தில் எல்ஜிபிடி மையத்தில் ஒரு விருந்து வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகளுக்காக. மையத்து அலுவலர் ஒருவர் தன் சொந்த வீட்டு விருந்தை விட்டுவிட்டு வந்து பரிமாறியிருக்கிறார். மையத்தில் யாரோ ஒருவர் அவன் சைவம் என்று கேட்டு வைத்துக்கொண்டு தனியாகச் செய்திருந்தார்கள் என்றான்.

எங்களிடம் சொல்லச் சொல்லி யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. "எப்போது சொல்வது என்பது உன் கையில் இருக்கிறது, சொல்லும் அன்றைக்கு எங்களுக்கு ஒரு மெசேஜ் போடு, போன் பக்கத்தில் வைத்திருப்போம்" என்றார்களாம். நான் அந்த அலுவலரை இன்றுவரை பார்த்ததில்லை.

பெற்றோர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபெர்பா என்று 1974இல் வந்த சட்டம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பிள்ளையின் பதிவேடுகள் பிள்ளைக்கு உரியவை. அவசர ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பொதுவாகப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் நம்மிடம் பேச மாட்டார்கள். முதலில் எனக்கு இது கோபமாக இருந்தது. பிள்ளை துணிந்து ஓர் இடத்துக்குள் நுழைந்ததற்குக் காரணமே அந்த உறுதிதான் என்று அவன் சொன்ன பிறகு, அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

---

ஸ்காபரோ_பெடியன் (ரொறன்ரோ)

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு சொல். இங்கே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில்தான் 1969இல் கனடாவின் முதலாவது தன்பாலீர்ப்பு மாணவர் அமைப்பு தொடங்கினது. இப்போது பல்கலைக்கழகமே நடத்துகிற அலுவலகமும் இருக்குது.

எங்கட ஆக்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. போருக்குள்ளால வந்த குடும்பங்கள். அம்மா அப்பா இரண்டு வேலை செய்து படிப்பிக்கினம். "இவ்வளவு பட்டு வந்து, பிள்ளை இப்படியா" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இல்லை. பல்கலைக்கழக ஆலோசகருக்கு எல்ஜிபிடி விளங்கும், ஆனால் முள்ளிவாய்க்கால் விளங்காது. தமிழ்ச் சங்கத்துக்கு முள்ளிவாய்க்கால் விளங்கும், மற்றது கதைக்கேலாது. இரண்டும் விளங்குகிற இடம் என்று பார்த்தால் எங்களுக்கு இங்கே சினேகிதன் என்ற தமிழ்க் குழு கிடைத்தது. வளாகத்துக்கு வெளியே இயங்குவது. என்னை அங்கே அனுப்பினது ஆர் என்று கேட்டால், வளாக மையத்தில் இருந்த ஒரு பிலிப்பினோ அக்கா. அவவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எங்களைப் போல ஆக்கள் எங்கே கூடுகினம் என்று தேடி எழுதி வைத்திருந்தா.

---

பொறியாளர்_79 (டல்லாஸ்)

எல்லாவற்றையும் படித்தேன். எடிசன் அம்மா எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

செலவைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. எந்த அலுவலகமாக இருந்தாலும் என்ன பலன் என்று கணக்குக் காட்ட வேண்டும். இது நம் இடம் என்று உணர்வது என்றெல்லாம் சொல்வது படிப்பில் தெரிகிறதா? அதற்கு ஆதாரம் உண்டா?

தம்பி பெயர்_வேண்டாம், நான் டல்லாஸில்தான் இருக்கிறேன். உனக்கு இங்கே என்ன உதவி வேண்டும் என்றாலும் தனிச்செய்தியில் கேள். எதையும் விசாரிக்க மாட்டேன்.

---

நிலாச்சோறு (இப்போது சியாட்டில்)

ஆதாரம் உண்டு சார். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. முதல் வருட மாணவர்களுக்குச் சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி. "ஆரம்பத்தில் நான் இங்கே பொருந்தவில்லையோ என்று எல்லோருக்கும் தோன்றும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சீனியர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்து, அதையொட்டித் தங்கள் அனுபவத்தை எழுதவும் பேசவும் வைத்தார்கள். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருடங்களில் உயர்ந்தது, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

அது மையங்களைப் பற்றிய ஆய்வு அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இங்கே எனக்கு இடமில்லையோ என்ற சந்தேகம் மூளையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதை அது காட்டுகிறது. தேர்வில் ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை என்றால், மற்றவனுக்கு அது வெறும் தெரியாத கேள்வி. இந்தச் சந்தேகம் உள்ளவனுக்கோ "நான் இங்கே வந்திருக்கவே கூடாது" என்பதற்கு இன்னொரு சாட்சி. வாரம் ஒருமுறை ஒரு சோபாவில் உட்கார்ந்து, மூத்த மாணவி ஒருத்தி "எனக்கும் முதல் மிட்டெர்மில் 41தான்" என்று சொல்லக் கேட்பவனுக்கு அது நடப்பதில்லை.

---

மதுரை_டு_மிச்சிகன் (ஆன் ஆர்பர்)

இந்த வருடம் சேரப்போகிறவர்களுக்கு நடைமுறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

மூடிய இடங்களில் பெரும்பாலும் முழுக்க வெறுமை இல்லை, பெயரும் ஆட்களும் மாறியிருக்கிறார்கள். யூட்டா பல்கலைக்கழகம் 2024 ஜூலையில் புதுச் சட்டம் அமலானதும் கறுப்பினப் பண்பாட்டு மையம், எல்ஜிபிடி மையம், மகளிர் மையம் மூன்றையும் எடுத்துவிட்டு, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பொதுவான ஒரு மையத்தை வைத்தது. ஹார்வர்டும் 2025 கோடையில் அப்படி ஒரே பொது அலுவலகத்துக்குள் கொண்டுபோனது. பொது அலுவலகம் என்றால் தம்பிக்கு வேண்டிய அந்தக் கதவு சாத்தும் அறை இருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் பழைய ஆட்கள் யாராவது உள்ளே இருப்பார்கள். மாணவர் நலத்துறை முதல்வர் அலுவலகத்துக்கு எழுதி, முன்பு அந்த மையத்தில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

மனநல ஆலோசனை மையம் தனி. இந்தச் சட்டங்களால் அது போகவில்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வளாக ஆலோசனை பெரும்பாலும் மாணவர் கட்டணத்தில் அடங்கும், காப்பீட்டுக்குப் பில் போகாது. வெளியே ஆலோசகரிடம் போனால் காப்பீட்டு நிறுவனம் விவரக் கடிதம் அனுப்பும். அப்பா அம்மா காப்பீட்டில் இருக்கும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் வீட்டு முகவரிக்கே வந்துவிடும். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்து பல்கலைக்கழகக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குக் கடிதம் அவர்கள் பெயருக்கே வரும்.

---

பெயர்_வேண்டாம் (டெக்சாஸ்)

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் பதில் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பொறியாளர் அண்ணா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் வீடு மாற வேண்டும், தனி அறை தேடுகிறேன்.

ஒரு கேள்வி எடிசன் அம்மாவுக்கு. என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் எப்போதாவது சொன்னால், அவர் பேசுவதற்கு யாராவது இருப்பார்களா? எனக்கு என்னைவிட அவரைப் பற்றித்தான் யோசனை. அந்த ஊரில் அவர் யாரிடம் போய்ச் சொல்லி அழுவார்?

---

எடிசன்_அம்மா (நியூ ஜெர்சி)

என்னிடம் சொல்லி அழட்டும். என் எண்ணைத் தனிச்செய்தியில் போட்டிருக்கிறேன். நான் பிறந்தது அம்பாசமுத்திரம். உன் அம்மாவோடு பேச எனக்கு மொழி பெயர்ப்பவர் வேண்டாம்.

தேசி ரெயின்போ என்று தெற்காசியப் பெற்றோர் அமைப்பு ஒன்று இங்கே இருக்கிறது, இணையவழிக் கூட்டம் நடத்துகிறார்கள். அதை நீ முதலில் உனக்காகப் பார். அம்மாவிடம் எப்போது சொல்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், நான் அவசரப்படுத்த மாட்டேன். இந்த வருடமோ, அஞ்சு வருடம் கழித்தோ, சொல்லப்போகிற அன்றைக்குக் காலையில் எனக்கு ஒரு மெசேஜ் போடு. இங்கே இரவாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் கூப்பிட்டால் எடுப்பேன்.